ரெக்கார்டு ஓடும்போது பேசக்கூடாது

மேடம், எனக்கு ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான். யார் வாசித்தது, எந்த வருடம், எந்த ஊர் ஸ்டுடியோ என்று கேட்டால் முழிப்பேன். நான்கு வருடங்களுக்கு முன்புவரையாவது முழித்திருப்பேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நேற்று ஒரு படத்திறப்பில் இதற்கு நேர்மாறாக ஒருவர் மைக் பிடித்துப் பேசிவிட்டார். அதனால்தான் இன்று கடையைத் திறக்காமல் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்ன நடந்தது என்று உன் கைப்பட எழுது என்று தாள் கொடுத்திருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

பெயர் காசிலிங்கம், வயது நாற்பத்தேழு. அரியாங்குப்பத்தில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடம் முன்பு கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் ஏணிமேல் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் ட்ரம்பெட் கேட்டது. ட்ரம்பெட் என்றால் எனக்குக் கல்யாண பேண்டுதான். இது அப்படி இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் பேசுவதுபோல் இருந்தது. அது முடியும்வரை ஏணியைவிட்டு இறங்கவில்லை. ஃபில்டர் தூசி முழுவதும் சாப்பாட்டு மேசையில் கொட்டி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டு அதைப் போனில் ஏற்றிக்கொண்டேன்.

பிறகு அதைப்போல் இன்னும் பல சேர்ந்தன. எல்லாம் அறுபது எழுபது வருடம் பழையவை. இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையவில்லை, நானே பெயர் வைத்தேன். முதலில் கேட்டது ஏசிப் பாட்டு. பியானோ சொட்டுச் சொட்டாக விழுவது மழைப் பாட்டு. ட்ரம்ஸ் கடகடவென்று ஓடுவது மாவு மெஷின் பாட்டு. சாயங்காலம் என் மனைவி அமுதவல்லி மீன் கழுவிக்கொண்டே, "அந்த மாவு மிசின வையேன்" என்பாள். வைப்பேன். அவளுக்கு இது எந்த நாட்டுச் சங்கீதம் என்றுகூடத் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டே செதில் எடுப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. சாயங்காலங்கள் நீளமானவை. அந்த ஒரு மணி நேரம் வீடு நிறைந்திருக்கும்.

நாராயணசாமி என்று ஒருவர், வீடு நெல்லித்தோப்பில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல் எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வருடம் முன்பு அவருடைய மாடி அறையில் ஏசி ரிப்பேர் என்று போனேன். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ரெக்கார்டு, பழைய இசைத்தட்டு. வேலை செய்துகொண்டே நான் முணுமுணுத்ததைக் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். "இதெல்லாம் நீ கேப்பியா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கடையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் அங்கே கூடுவது நாங்கள் நாலு பேர். முசியே, பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ரஞ்சிதம் டீச்சர், பேங்க்கில் இருக்கும் வெற்றிச்செல்வன், நான். அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. ரெக்கார்டில் ஊசி இறங்கிவிட்டால் அந்தப் பக்கம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, உள்ளே வரக்கூடாது. கீழே குடியிருக்கும் அவருடைய மருமகள் ஜெயசித்ரா காப்பித் தட்டோடு படியில் இருபது நிமிடம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். யாராவது இருமினால் விரலை உதட்டில் வைத்து "சிலான்ஸ்" என்பார்.

ஆனால் அவர் பேசுவார். ட்ரம்பெட் எழும்பி, நம் நெஞ்சு அதன் பின்னால் போகிற நேரம் பார்த்து, "காசி, யாரு வாசிக்கறது, சொல்லு?" என்பார். தெரியவில்லை என்றால் அவரே சொல்வார். அந்த ஆள் யாரிடம் கற்றான், எப்போது குடித்தான், யாரோடு சண்டை போட்டான், எல்லாம். சொல்லி முடிக்கும்போது பாட்டு போய்விட்டிருக்கும். நாலு வருடத்தில் அந்த அறையில் ஒரு பாட்டைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை, மேடம்.

பிறகு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். ரெக்கார்டில் ஒரு முறை கேட்டுவிட்டால் போனில் கேட்பது கஞ்சித்தண்ணி குடிப்பதுபோல. ஏசிப் பாட்டை ஒரு தடவையாவது அதில் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். அந்த ரெக்கார்டு மூன்றாவது அலமாரியில் இருந்தது. கேட்கும்போதெல்லாம், "அது ஓட்டல்ல சாம்பார் ஊத்தறப்ப போடறது. அதெல்லாம் இங்க ஓடாது" என்பார்.

ஒரு நாள் தெரியாமல் மாவு மெஷின் பாட்டு என்று சொல்லிவிட்டேன். முசியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றார். டீச்சரும் சிரித்தார். அதற்குப் பிறகு புதிதாக யார் வந்தாலும், "இவுருதான் மாவு மிசின் காசிலிங்கம்" என்றே அறிமுகம். நானும் கூடவே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். அமுதவல்லி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன வருடம் அவள் ஆசைப்பட்டாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு டப்பாவில் அதிரசம் எடுத்துக்கொண்டு வந்தாள். ரெக்கார்டு ஓட ஆரம்பித்ததும் அவள் கால் தானாகத் தாளம் போட்டது. முசியே ஊசியைத் தூக்கினார். பாட்டு பாதியில் நின்றது. அப்படி அவர் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"காலை அடக்கும்மா. இது இன்னா கரகாட்டமா? நாலு எண்ணிக்கையில நீ ஒண்ணுலயும் மூணுலயும் தட்டற. ஜாஸுக்கு ரெண்டுலயும் நாலுலயும் தட்டணும். அது ரத்தத்துல வரணும்."

அமுதவல்லி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். கடைசிவரை அசையவில்லை. அதிரச டப்பாவை யாரும் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் வண்டியின் பின்னால் இருந்து, "நான் வந்திருக்கக் கூடாது, இன்னா?" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் மாவு மெஷின் கேட்கவில்லை. நானே வைத்தாலும், "நிறுத்துங்க, அது பெரியவங்க சமாச்சாரம்" என்று டிவியைப் போட்டுக்கொண்டாள். எனக்கும் அது கெட்டுப்போனது. போனில் ட்ரம்பெட் ஆரம்பித்தால் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ண ஆரம்பித்தேன். யாரு வாசிக்கறது, சொல்லு என்று காதுக்குள் கேட்கும். பதிலும் தானாக வரும், வருடத்தோடு. ஒரு மனிதன் வீட்டில் புகுந்து நகையை எடுத்துப் போனால் உங்களிடம் வரலாம். இதற்கு எந்த ஸ்டேஷனுக்குப் போவது?

இனி நான் எழுத வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. மழை நாள். டீச்சரும் வெற்றிச்செல்வனும் வரவில்லை. நான் போனபோது மணி மூன்றரை. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஏசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சாம்பார் ரெக்கார்டு என்று நாலு வருடம் எனக்கு மறுத்த அதே ரெக்கார்டு. முசியே கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஓசையில்லாமல் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பில்லாத கால். ஆசையாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். கால் நின்றது. வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் கை நெஞ்சுக்குப் போனது. முகம் வேர்த்தது. பிளேயர் மேசையின் இழுப்பறையைக் காட்டினார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அதில் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒரு தடவை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டார். "காசி... மாத்திர..." என்றார்.

நான் விரலை உதட்டில் வைத்தேன். "சிலான்ஸ்" என்றேன்.

நான் அவரைத் தொடவில்லை. இழுப்பறையைப் பூட்டவும் இல்லை. அவர் போட்ட சட்டத்தின்படி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே. கொஞ்ச நேரத்தில் ஜெயசித்ரா பாதிப் படி ஏறி வந்து குரல் கொடுத்தாள்.

"மாமா, ஏதோ விழுந்தாப்புல இருந்துச்சே. நான் வரட்டா?"

விழுந்தது அவருடைய மூக்குக்கண்ணாடி. முசியே வாசல் பக்கம் கையை நீட்டினார். குரல் வரவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. ரெக்கார்டு ஓடுது" என்றேன்.

"சரிண்ணா" என்று இறங்கிப் போய்விட்டாள். பதினோரு வருடம் அந்த வீட்டுச் சட்டத்துக்குப் பழகிய பெண். தானே மேலே போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று அவள் இப்போது எல்லோரிடமும் சொல்லி அழுகிறாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். அது உண்மைதான். யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. நானும் பேசாமல் இருந்திருப்பேன். நேற்று அவருடைய படத்திறப்பில் வெற்றிச்செல்வன் பேசினார். முசியே நமக்குக் காது கொடுத்தார் என்றார். மாவு மெஷினில் இருந்து ஒருவரைக் கைபிடித்து ஜாஸுக்குக் கூட்டிவந்தார் என்றார். அவருடைய கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தது அவர் உருவாக்கிய ரசிகர் காசிலிங்கம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பக்கத்தில் அமுதவல்லி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் யாரும் உருவாக்கிய ரசிகன் இல்லை, மேடம். ஏணிமேல் நின்று நானாகக் கேட்டவன். இதைத் திருத்தத்தான் வந்தேன்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். ஜெயசித்ராவிடமும் டாக்டரிடமும், பக்கம் முடிந்து எழுந்து பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார் என்று சொன்னேன். அது பொய். பக்கம் முடிந்து ஊசி தானாகத் தூக்கிக்கொண்டபோது அவருக்கு மூச்சு இருந்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டப்படி இனி எழுந்திருக்கலாம். எழுந்தேன். இழுப்பறை என் முழங்காலுக்கு நேராக இருந்தது.

ரெக்கார்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் எதையும் விளக்கவில்லை. முதல் பாட்டில் இருந்து கடைசிவரை முழுசாகக் கேட்டேன். நன்றாக இருந்தது.