விலக்குக் கேட்டவர்

காலையில் காபி சூடாக இருக்க வேண்டும்; மற்றபடி நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்கிற ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் யாரை விசாரித்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிடும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும் உண்டு என்ற விதியை எழுதியவன் பதிவாளரான நான். நல்ல விதி. அறிவைப் பூட்டி வைக்கக் கூடாது. ஆட்சிக் குழுவில் சமூகவியல் பேராசிரியை மட்டும் எழுந்தார்.

"எழுதினவங்க வேண்டாம்னா விட்டுடணும் சார். அதைக்கூட யோசிக்கலியா?"

குழு சிரித்தது. விலக்குக் கேட்பவருக்குக் காரணம் கேட்காமல் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. நானும் கூடவே சிரித்துவைத்தேன்.

அடுத்த ஆண்டு அவரே விலக்குக் கேட்டு வந்தார். கணவனிடமிருந்து தப்பி ஓடிய பெண்களைப் பற்றிய கட்டுரை.

"பத்திரிகையிலேருந்து திரும்ப வாங்கிட்டேன். நம்ம தளத்துலயும் போடாதீங்க. ஒரு பொண்ணோட பேரை மாத்திட்டேன், ஆனா தையல் கடை மாடி, காது கேக்காத குழந்தை எல்லாம் அப்படியே இருக்கு. அவ புருஷன் கண்ணுல பட்டா வந்துருவான்."

"கவலைப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் படியிறங்கியதும் வெளியிட்டேன். கோபத்தில் அல்ல. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள்.

தாயும் குழந்தையும் செத்த செய்தி வந்த அன்று பேராசிரியை என் அறை வாசலில் நின்றார். கத்தவில்லை. "சொன்னேனே சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

கட்டுரையில் தெருப் பெயரே இல்லையே, அவன் எப்படிப் போனான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவன் எனக்குத்தான் தொலைபேசியில் பேசினான். மச்சான் படித்துக் காட்டினானாம்.

"அது என் சம்சாரம்தான் சார். புள்ள ஞாபகமாவே இருக்கு. எந்தத் தெருன்னு போடலியே."

பணிவான குரல். யார் என்று புரிந்தது. பேராசிரியையின் பேட்டிக் குறிப்புகள் எங்கள் கணினியில்தான் இருந்தன. திறந்து பார்த்து, தெருப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவன் நன்றி சொன்னான்.

வீட்டு எண்ணையும் கேட்டான். அதை நான் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா.