இரண்டு மையிலும் இல்லாத வரி

அண்ணி: அடுத்தது. முப்பத்தாறாம் பக்கம், ரெண்டாவது பத்தி.

நாத்தனார்: போதுமே அண்ணி... கண்ணு பூத்துப் போச்சு. ஆய்வேடு படிக்க நல்லா இருக்குன்னா விட்டுட வேண்டியதுதானே.

அண்ணி: படி.

நாத்தனார்: "படுக்கைப்புண் ஒரே நாளில் வருவதில்லை, முதலில் தோல் சிவக்கிறது."

அண்ணி: நோட்டுல அது பச்சை மை. பச்சைன்னா புத்தகத்துல இருந்தபடியே எடுத்தது. ஓரத்துல பக்க எண்கூட இருக்கு பாரு, எழுபத்தொண்ணு. மேற்கோள் குறி போடு, புத்தகத்துப் பேரையும் போடு.

நாத்தனார்: அப்போ நீலம்...

அண்ணி: நான் வார்டுல பாத்தது, நானா யோசிச்சது. டைப் பண்ணக் கொடுக்கும்போதே சொன்னேன். நீ எல்லாத்தையும் கறுப்புல அடிச்சு வச்சா, எது என்னோடது எது ஊரான் வீட்டுதுன்னு எப்படித் தெரியும்?

நாத்தனார்: எங்க கடைக்கு வர்றவங்க யாரும் கலர்ல கேக்க மாட்டாங்க. இதுவரைக்கும் நூறு ஆய்வேடு அடிச்சிருக்கேன்...

அண்ணி: நூத்தியொண்ணாவதா நான் வந்து மாட்டினேன்.

நாத்தனார்: காசு வாங்காம அடிச்சுக் கொடுத்தா இப்படித்தான் பேச்சு வாங்கணும். ஆமா, ஆய்வேட்டைக் கொடுக்க இன்னிக்கு சாயங்காலம்தானே கடைசி? அதுக்குள்ள இத்தனை பக்கமும்...

அண்ணி: அதை நான் பாத்துக்கறேன். அடுத்தது.

நாத்தனார்: "ஏழாம் கட்டில் அம்மா, திருப்பிப் படுக்க வைக்கும்போது மட்டும் சிரிப்பார்." இது நீலம்.

அண்ணி: நோட்டைப் பாக்காமலே சொல்றே?

நாத்தனார்: புத்தகம் எழுதறவங்க அம்மான்னெல்லாம் சொல்ல மாட்டாங்களே.

அண்ணி: ம்... பரவாயில்லையே, கொஞ்சம் தேறிட்டே. மேல படி.

நாத்தனார்: "வலிக்கிறதா என்று கேட்காமல் கட்டும் கட்டு, காயத்தை மறைக்கும், ஆற்றாது."

அண்ணி: இது என்ன மை?

நாத்தனார்: நல்ல வரி அண்ணி...

அண்ணி: மையைக் கேட்டேன்.

நாத்தனார்: நீலமாத்தான் இருக்கும். ரெட்டை டூட்டி பாத்துட்டு வந்து எழுதறீங்க, மறந்திருப்பீங்க.

அண்ணி: நாலு நோட்டும் உன் முன்னாடிதான் இருக்கு. தேடு.

நாத்தனார்: அண்ணன் வர்ற நேரம். டீயை வச்சுட்டு வந்து...

அண்ணி: உங்க அண்ணனுக்கு அடுப்பு இருக்கற இடம் தெரியும். தேடு.

நாத்தனார்: நாலாவதையும் புரட்டிட்டேன் அண்ணி...

அண்ணி: என்ன?

நாத்தனார்: இல்ல.

அண்ணி: இந்த மாதிரி மூணு வரி. பன்னெண்டாம் பக்கத்துல ஒண்ணு, நூத்திநாலுல ஒண்ணு, இது ஒண்ணு. பச்சையிலயும் இல்ல, நீலத்துலயும் இல்ல.

நாத்தனார்: மூணே வரிதானே, எடுத்துடலாம். ரெண்டு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப் போகுது?

அண்ணி: போன மாசக் கருத்தரங்குல மைக்கைப் பிடிச்சு இதைப் படிச்சேன். அம்பது பேர் எழுதிக்கிட்டாங்க, என் பேரைப் போட்டு. அவங்க நோட்டுல போய் எப்படி எடுப்பே?

நாத்தனார்: அண்ணி... கோவிச்சுக்க மாட்டீங்களே?

அண்ணி: கோவிச்சுக்குவேன். சொல்லு.

நாத்தனார்: போன வருஷம் ஒரு நர்ஸம்மா அவங்க ஆய்வேட்டை அடிக்கக் கொடுத்தாங்க. இந்த மூணு வரியும் அதுல இருந்ததுதான். அடிச்சு அடிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. உங்க பத்தி அந்த இடத்துல மொட்டையா நின்னுது... எங்க அண்ணி எழுதினது யாருக்கும் குறைஞ்சதா இருக்கக் கூடாதுன்னு நானே சேத்துட்டேன். நீங்க படிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையா, அதான்... உங்களுக்கு வித்தியாசமே தெரியலன்னு நெனச்சேன்.

அண்ணி: முதல் தடவை படிச்சப்பவே தெரியும், இது நான் எழுதினதில்லன்னு. தெரிஞ்சுதான் மைக்ல படிச்சேன். கை தட்டினாங்க, வாங்கிட்டு வந்து உக்காந்தேன். இன்னிக்குக் காலையிலதான் கைடு மேடத்துகிட்ட போய் அதைச் சொல்லி, ஆய்வேட்டைத் திருப்பி வாங்கிட்டு வந்தேன்... கொடுக்கறது ஆறு மாசம் தள்ளிப் போச்சு. போகட்டும். அந்த நர்ஸம்மா பேரு என்ன, சொல்லு.