பச்சை ஒட்டு போட்ட டென்ட்

இல்ல தம்பி, பைனாகுலர் நல்லாத்தான் இருக்கு, என் கண்ணுக்கும் ஒரு கோளாறும் இல்ல. நீங்களே பாருங்களேன். அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம், கடலோரமா, ஆரஞ்சு கலர்ல ஒரு டென்ட் தெரியுதா? கூரையில கிளிப்பச்சையில ஒட்டு போட்டிருக்கா? அது என் கையால தைச்சது. கிழிஞ்ச குடைத்துணி. உலகத்துல வேற எந்தக் கிறுக்கியாவது டென்டுக்குக் குடைத்துணிய வச்சுத் தைப்பாளா, சொல்லுங்க.

ஐயோ, திருட்டெல்லாம் இல்ல. போலீஸ் எதுக்கு? எல்லாம் எங்க கூட்டம்தான். வருஷா வருஷம் ஒண்ணாத்தான் வருவோம். கடலோரமா நடந்து, ராத்திரி அங்க தங்கி, மறுநாள் மலையேறுவோம். ஒசரமா நிக்கறாரே, அவர் பல் டாக்டர். பக்கத்துல தொப்பி போட்டவ அவர் சம்சாரம். போன வருஷம் அவளுக்குக் காலெல்லாம் கொப்புளம், நாந்தான் மருந்து போட்டுவிட்டேன். இப்போ எப்படிச் சிரிக்கறா பாருங்க.

இந்த வருஷம் ட்ரிப் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. கேப்டன்தான் சொன்னாரு. கப்பல் கேப்டன் இல்ல தம்பி, எங்க கூட்டத்துக்குத் தலைவர். எங்க போகணும், எப்போ கிளம்பணும், எல்லாம் அவர் வச்சதுதான் சட்டம். புயல் வருதாம், ஆளுக்கொரு வேலை இருக்காம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு. நானும் மண்டைய ஆட்டினேன். என் முட்டிய மனசுல வச்சுக்கிட்டுத்தான் இப்படி ஒரு சாக்கு சொல்றாங்கன்னு உருகிப் போயிட்டேன், போங்க! ஆனா வீட்ல உக்காந்திருக்க முடியல. ஏற முடியலன்னா என்ன, உங்க ஜீப்புல ஏறி மேலேர்ந்து பாத்துட்டாவது வருவோம்னு கிளம்பி வந்தேன்.

முட்டிக்கு என்னவா? அதுவும் இந்த மலையிலதான். கேப்டனுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, அவர் மூட்டையையும் நாந்தான் சுமந்தேன். எறக்கத்துல சறுக்கிடுச்சு. அதுக்கப்புறம் நடை கொஞ்சம் மட்டு. எல்லாரும் வளைவுக்கு வளைவு நின்னு காத்திருப்பாங்க. ஒருத்தரும் வாயத் திறக்கல. திறந்திருக்கலாம்ல? நீ வந்தா லேட்டாகுதும்மான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். இப்படியா ஏமாத்திட்டு வர்றது?

டென்டா? அத யாரும் என்கிட்ட கேட்டு வாங்கல. பரண் மேல கிடந்தது. கேப்டன் எப்போ எறக்கினாருன்னே தெரியல.

எங்க வீட்டுப் பரண்தான் தம்பி. கல்யாணமான நாள்லேர்ந்து அவரும் அதே வீட்லதானே இருக்காரு.

நேத்து காலைல ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன்னாரு. நாந்தான் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுப் பையில அடுக்கிக் குடுத்தேன். பைனாகுலரக் குடுங்க இப்படி. அதோ, அடுப்பு மூட்டறாரே, நீலச் சட்டை, அவர்தான். மடிப்புகூட இன்னும் கலையல.