மாப்பிள்ளை எழுதின படிக்கட்டு

வந்தனா: பொண்ணு பார்க்க வந்த எடத்துல முதல் பேச்சே சி ப்ளஸ் ப்ளஸ்ஸா, ஆதர்ஷ்?

ஆதர்ஷ்: நீங்களும் என்னை மாதிரி, ப்ளான் வரையற கேட் (CAD) சாஃப்ட்வேருக்கு ஆட்-ஆன் எழுதறவான்னு அம்மா சொன்னா. அதான்...

வந்தனா: சரி, ஹால்ல பெரியவா பேசட்டும். உங்க ஆட்-ஆன் என்ன பண்ணும்?

ஆதர்ஷ்: பில்டிங் ப்ளான்ல ரெண்டு க்ளிக். படிக்கட்டு தானா வரையும்! செம்பூர்ல ஒரு பில்டருக்கு ட்ரையல் குடுத்திருக்கேன். லாஞ்ச் ஆச்சுன்னா நான்தான் டீம் லீட்.

வந்தனா: பலே. லிஸ்ப் லாங்வேஜ்ல எழுதியிருக்கலாமே?

ஆதர்ஷ்: லிஸ்ப்பா! அதெல்லாம் ரிட்டயர் ஆன மாமாக்கள் எழுதறது.

வந்தனா: டாட் நெட்?

ஆதர்ஷ்: ஸ்லோ.

வந்தனா: சி ப்ளஸ் ப்ளஸ்னா கேட்ல புது வெர்ஷன் வரச்சே திரும்பத் திரும்ப கம்பைல் பண்ணணும். அவ்வளவு ஸ்பீடு எதுக்கு? படிக்கட்டு என்ன, விரார் ஃபாஸ்ட் ட்ரெயினா?

ஆதர்ஷ்: ...இன்டர்வ்யூ மாதிரி இருக்கே.

வந்தனா: பொண்ணு பார்க்கறதுன்னா வேற என்னவாம்? சரி, படிக் கணக்கு, வளைவு... அதுக்கெல்லாம் யார் எழுதி வெச்ச கோட் லைப்ரரி?

ஆதர்ஷ்: லைப்ரரியா? எல்லாம் நானே எழுதினது. ஸ்க்ராட்ச்லேர்ந்து.

வந்தனா: நெட்ல சும்மாவே ஒண்ணு கிடைக்கறதே...

ஆதர்ஷ்: சீ, அது கச்ரா, வெறும் குப்பை.

வந்தனா: ம்... கச்ரா. படி உசரம் சைபர்னு குடுத்தா உங்களோடது என்ன பண்ணும்?

ஆதர்ஷ்: எர்ரர் மெசேஜ் வரும்.

வந்தனா: எந்த பாஷைல?

ஆதர்ஷ்: அது... ஏதோ ஃபான்ட் ப்ராப்ளம். கோணாமாணான்னு எழுத்து...

வந்தனா: அது தமிழ். ‘சைபர் உசரத்துல எப்படிப்பா ஏறுவே? இப்படிக்கு, மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் பொண்ணு வந்தனா.’ என் லைப்ரரி, என் குறும்பு. இங்கிலீஷ்ல இருந்த என் இனிஷியல் ‘வி.வி.’யையெல்லாம் சுத்தமாத் துடைச்சேள். தமிழ் படிக்க வராததால இது தப்பிச்சுது.

ஆதர்ஷ்: ...யார் சொன்னா?

வந்தனா: உங்க செம்பூர் பில்டர். அவர் தமிழ்க்காரர், எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவர். ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். அது கிடக்கட்டும், உங்களுக்கு யார் படிச்சுச் சொன்னா?

ஆதர்ஷ்: எனக்கா? எனக்கு ஒண்ணும்...

வந்தனா: மும்பைல இத்தனை பொண்ணு இருக்க, நேரா என் ஜாதகத்தைக் கேட்டேளே!

ஆதர்ஷ்: ...அம்மா படிச்சா. ‘அட, நம்ம வேங்கடசுப்ரமணியன் பொண்ணுடா’ன்னா. லைப்ரரியை விக்கற சாமான்ல சேர்த்தா எழுதினவா பெர்மிஷன் வேணுமாம். கம்பெனி வக்கீல் கண்டுபிடிச்சுட்டார். பெர்மிஷனோட வா, இல்லேன்னா வராதேன்னுட்டா எங்க பாஸ் ஜோயா மேடம். கல்யாணம் ஆயிட்டா வீட்டுக்குள்ளயே கேட்டுக்கலாமேன்னு...

வந்தனா: அடேயப்பா! லைசென்ஸுக்குத் தாலியா!

ஆதர்ஷ்: ஜாதகமும் பொருந்தித்து, சத்தியமா! என் வேலையே போயிடும் வந்தனா... பெர்மிஷன் மட்டுமாவது...

வந்தனா: அழாதீங்கோ. நேத்திக்கே குடுத்துட்டேன், உங்க ஜோயா மேடம்கிட்ட.

ஆதர்ஷ்: அப்பாடா! ...அப்ப, கல்யாணம்?

வந்தனா: ஆபீஸ்ல நன்னாருக்காது. மண்டேலேர்ந்து உங்க டீமுக்கு நான்தான் லீட். காலம்பற வந்ததும் உங்களுக்கு முதல் வேலை, துடைச்ச எடத்துலயெல்லாம் என் பேரைத் திரும்ப எழுதறது... தமிழ்ல.