கொடியில் தொங்கிய மூன்றாம் அத்தியாயம்

— புத்தகத்தைக் கிழிச்சுக் கொடியில காயப்போடுற ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன். என் தையல் கடையிலகூட இப்படித் தொங்காது, முகத்துல வந்து உரசுது.

— குனிஞ்சே வாக்கா. கிளிப்பைத் தொடாதே, வரிசை கலைஞ்சுடும். ஒரே நாவலை ரெண்டு தடவை வாங்கினேன் தெரியுமா? தாள்ல ரெண்டு பக்கமும் அச்சு. ஒரு பக்கம் நம்மளைப் பாத்தா மறுபக்கம் சுவரைப் பாக்குது. முதல் புத்தகத்தைக் கிழிச்சு முடிச்ச அப்புறம்தான் மூளைக்கு எட்டிச்சு.

— காலேஜ்ல பாடம் எடுக்கிற மூளை. சாயங்காலம் வாசகர் கூட்டத்துக்கு இத்தனையையும் தூக்கிட்டா போகப்போறே?

— கேளேன். ஒத்திகைக்குத்தானே உன்னை வரச் சொன்னேன். கதையில வர்ற பொண்ணுக்கு உன் மக வயசு. மனசு உடஞ்சு, ஆஸ்பத்திரியில கிடந்து, மீண்டு வர்றா. எழுதினவளும் அப்படிக் கிடந்தவதான். பாதி அவ கதை, பாதி கற்பனை.

— பாவம். உக்காந்து சொல்லேன் குட்டி. சாப்பாடு கொண்டாந்திருக்கேன், ஆறிடும்.

— ஆறட்டும். வியாதி எங்க ஆரம்பிக்குதுன்னு யாரைக் கேட்டாலும் ஏழாம் அத்தியாயம்பாங்க. பேச்சையே நிறுத்திட்டு அவ அறைக்குள்ள சுருண்டுக்கிற இடம். தப்பு. மூணுலயே ஆரம்பிச்சாச்சு.

— மூணுல என்ன பண்றா, அழறாளா?

— சிரிக்கிறா. அதுதான் விஷயமே. வேலை கிடைச்சிருக்கு. வீட்டுல எல்லாருக்கும் செருப்பு வாங்கிட்டு வர்றா, அளவுகூடக் கேக்காம. அப்பாவுக்கு வாங்கினது அம்மாவுக்குத்தான் சேருது. அலமாரிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கிறா. புத்தகத்துலயே சந்தோஷமான அத்தியாயம். ஆனா இந்தத் தாளைப் பாரு, முற்றுப்புள்ளியே இல்ல, மூச்சு வாங்காம ஓடுது.

— சந்தோஷத்துல பேசினா அப்படித்தானே வரும். நீயும்தான் நான் வந்ததுலேருந்து...

— நான் என்ன?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

— அது வியாதின்னு எழுதினவளுக்கே தெரியல. அவ மனசுல அது நல்ல காலமாத்தான் தங்கியிருக்கு. சும்மா கட்டின கதையா இருந்தா அந்த இடத்துல ஒரு அபாய மணி அடிச்சிருப்பா. அவ அடிக்கல. அதனாலதான் சொல்றேன், இது வாழ்ந்து பாத்தவ எழுதினது.

— அட, ஆமா. எனக்கே புரியுது. சரி, அந்தப் பொண்ணோட அம்மா என்ன பண்ணிட்டிருந்தா?

— அங்கதான் வர்றேன். முதல் ரெண்டு அத்தியாயத்துல அம்மாவும் கூட இருக்கிற தோழியும் தூங்கு தூங்குன்னு அவளைப் பிடுங்கி எடுக்கிறாங்க. மூணுல விடிய விடியப் பெயின்ட் அடிக்கிறா, ஒருத்தர் வாய் திறக்கல. எல்லாரும் வேடிக்கை பாத்துக் கை தட்டுறாங்க.

— எப்படித் திறப்பாங்க? பொண்ணு சிரிச்சு எத்தனை காலமாச்சோ. கேட்டா மூஞ்சியில கதவைச் சாத்திடுவாளோன்னு பயந்திருப்பாங்க.

— நீ கதையைச் சொல்லல.

— கதையைத்தான் சொல்றேன்.

— போன தடவை நீ வாய் திறந்ததுக்கு ஒரு வருஷம் உன் போனை எடுக்கல நான். அதைச் சொல்றே.

— கிளம்பும்போதே உங்க மாமா படிச்சுப் படிச்சுச் சொன்னார். அவளாக் கூப்பிட்டிருக்கா, அதுவே பெரிசு, போனோமா கேட்டோமா வந்தோமான்னு இருன்னு. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— மாமா சொன்னபடியே இருந்துட்டுப் போயேன்.

— முடியல குட்டி. கண்ணு ரெண்டும் குழியில கிடக்கு, நான் வந்ததுலேருந்து நீ உக்காரவே இல்ல. இன்னொரு வருஷம் நீ பேசாட்டியும் போகுது. எப்போ தூங்கினே?

— தெரியலக்கா. கூட்டம்னு எதுவும் கிடையாது. அந்த வியாதி எனக்கு மறுபடி வந்துடுச்சுன்னு போன்ல சொல்ல வாய் வரல, அதான் பொய் சொன்னேன். டாக்டர்கிட்ட இப்பவே கூட்டிட்டுப் போ, இன்னும் கொஞ்ச நேரம் இதே மாதிரி சந்தோஷமா இருந்தேன்னா அப்புறம் நீ கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்.