ஆடாத கிண்ணம்

மரக் கிண்ணம் கடையப் பழகுகிறவனுக்கு முதல் பாடம் எங்கே நிற்பது என்பதுதான். லேத்தில் சுழலும் கட்டைக்கு நேராக நிற்கக் கூடாது, கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும். கட்டை பிடி விட்டால் நேரே நிற்பவன் முகத்துக்குத்தான் வரும். இதை எனக்குச் சொன்னவர் என் அக்கா புருஷன், அத்திம்பேர் சேஷகிரி. சொன்னாரே தவிர, அவர் ஒரு நாளும் ஒதுங்கி நின்றதில்லை.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதை நான் மறக்கவில்லை, இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா. "நீங்க ஹொஸபரு சார், கைக்குப் பழக்கம் இல்ல. தெரியாம நடந்துபோச்சு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க, அதோட முடிஞ்சுது. பாவம், அக்காவுக்கு இனிமே நீங்கதானே" என்றீர்கள். ஹொஸபரு என்றால் புதியவர். அந்தக் கன்னடச் சொல்லை நீங்கள் மரியாதையாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் இரவெல்லாம் அது நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

கையெழுத்துப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மல்லேஸ்வரம் வீட்டுக்குப் போய்விடலாம். போடாவிட்டால் எங்கே போவேன் என்பதும் தெரியும். இருந்தாலும் போட மாட்டேன். பழக்கமில்லாமல் குட்டை ஸ்க்ரூக்களை முடுக்கிவிட்டான் என்று இந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. நான் அட்டாரா கச்சேரிச் சர்க்கார் ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் எழுதிய நகலில் எந்தச் செக்ரட்டரியும் ஒரு கமாவைக்கூட மாற்றியதில்லை. தப்பான வாசகத்துக்குக் கீழே சந்தானம் என்று எழுத என் கை வராது. நான் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் குடும்பம் கிடையாது. ஓய்வு பெற்றதும் பாகீரதி அக்காதான் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்களுக்கும் குழந்தை இல்லை. அத்திம்பேர் சர்க்கார் எஞ்சினீயராக இருந்தவர். பின்கட்டுக் கொட்டகையில் மோட்டார் வைத்த பழைய லேத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு பொழுதுபோக்காக மரம் கடைவார். நான் சும்மா இருப்பது பொறுக்காமல் அவராகவேதான் என்னைக் கூப்பிட்டு உளியைக் கையில் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

முறை சிரமமானதில்லை. ஒரு துண்டு மரத்தை வட்டமாக அறுத்து, அதன் ஒரு பக்கத்தில் இரும்புத் தட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கி, தட்டை லேத்தில் பூட்டவேண்டும். மரம் சுழலும். உளியைத் தாங்கியில் ஊன்றி மெல்லக் கொடுத்தால் சுருள்சுருளாகச் சீவிக்கொண்டு வரும். பழகாதவன் உளியை அழுத்துவான், மரம் உளியைக் கவ்வும். அப்போது மரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த ஸ்க்ரூக்கள் மட்டும்தான். அதனால் அவை நீளமாக இருக்கவேண்டும். இதையும் அத்திம்பேர் முதல் நாளே சொன்னார். நானும் முதல் நாளே புரிந்துகொண்டேன்.

நான் கடைந்த முதல் கிண்ணம் பலாமரம். உருவம் நன்றாகவே வந்தது. அடிப்பாகம் மட்டும் ஒரு நூலளவு மேடாகி, வைத்தால் ஆடியது. முதல் கிண்ணம் யாருக்கும் அப்படித்தான் வரும். அதை அடுப்பில் போட்டிருந்தால் இன்று நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அக்கா அதை எடுத்துத் துடைத்து, குங்குமம் நிரப்பி, கொலுவில் வைத்தாள்.

எங்கள் வீட்டுக் கொலு பெரியது. தெருவே வரும். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அத்திம்பேர் கூடத்தில் வந்து நின்றுகொண்டு, வந்தவர்கள் எல்லாரும் பார்க்க அந்தக் கிண்ணத்தை ஒரு விரலால் தட்டுவார். அது ஆடும். "எங்காத்துக் கொலுவுல இந்த வருஷம் புது தலையாட்டி பொம்மை. மச்சினன் கைவேலை" என்பார். கூடமே சிரிக்கும். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, "ஆடினா என்ன, எங்க சந்தானம் தன் கையால கடைஞ்சதாக்கும்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சொல்லி, அதிலிருந்தே குங்குமம் கொடுத்தாள். அவளுக்கு வேறு வழியில்லை, புருஷன் சொல்லை மூடிமறைத்தாள். எதிர்வீட்டுக் கோமளம் மாமி ஒருபடி மேலே போய், "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தாங்கோளேன்" என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் கேட்டாள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

எனக்குக் கோபம் வந்தது. வந்தது என்று சொல்ல எனக்கு என்ன வெட்கம். முப்பது வருஷம் ஒருவரும் என் வேலையைப் பார்த்துச் சிரித்ததில்லை.

கொலு முடிந்து பொம்மைகளெல்லாம் பெட்டிக்குள் போயின. கிண்ணம் போகவில்லை. அக்கா தினமும் குளித்துவிட்டு வந்து அதிலிருந்துதான் நெற்றிக்கு எடுத்துக்கொண்டாள். காலையில் காபி குடிக்கும்போதே ஸ்வாமி அலமாரியில் அது லொடக் லொடக்கென்று ஆடுகிற சத்தம் கேட்கும்.

சரி, நல்லதாக ஒன்று கடைந்து கொடுத்துவிட்டால் இது ஒழியும் என்று நினைத்தேன். அதற்கும் அவர் விடவில்லை. நான் அடிப்பாகத்துக்கு வரும்போது எங்கிருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். "விடு விடு, கெடுத்துடாதே, நான் காட்டறேன்" என்று உளியைப் பிடுங்கிக்கொண்டு கட்டைக்கு நேரே நின்று, தானே முடித்துவிடுவார். அப்புறம் சாப்பிடும்போது, "உன் தம்பி கிண்ணம் இந்தத் தடவை ஆடலை பார்த்தியா" என்று அக்காவிடம் சொல்லிக் கண் சிமிட்டுவார். நானாகத் தப்புப் பண்ணக்கூட அந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஜுரம் வந்தபோது டாக்டரை அழைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அது வேறு, இது வேறு.

புது மைசூர் ராஜ்யம் வந்து ஊரெல்லாம் தோரணம் கட்டியிருந்தார்களே, தீபாவளியும் கூடவே வந்ததே, அது கழிந்து ஒரு காலை நேரம். நல்ல கனமான பலாக்கட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நீள ஸ்க்ரூவும் குட்டை ஸ்க்ரூவும் இரண்டு டப்பாக்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழகாதவன் டப்பா மாறி எடுத்துவிட்டான் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். நான் மாறி எடுக்கவில்லை. குட்டை டப்பாவைத் திறந்து, குட்டை ஸ்க்ரூ என்று தெரிந்தே எடுத்து முடுக்கினேன். மெல்லச் சீவினால் அது தாங்கும், அழுத்தினால் தாங்காது. இந்தக் கணக்குப் புதியவனுக்கு வராது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

வெளிப்பக்கம் முழுவதையும் ஒரு குறையில்லாமல் நானே கடைந்தேன். கட்டை அசையவில்லை. அதன் பிறகு வேண்டுமென்றே உளியைச் சாய்த்துக் கிறீச்சிட விட்டேன்.

அவர் பின்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் எழுந்து வந்தார். "என்னடா இது, மரத்தைக் கொல்றே. விடு, நான் காட்டறேன்" என்றார். கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த இடத்தில் ஒதுங்கி நின்றுகொண்டேன். அவர் வழக்கம்போல நேரே நின்றார், வழக்கம்போல அழுத்தினார். நான் கையாலும் தொடவில்லை. தான் சொன்னபடி தானே நின்றிருந்தால் இன்றைக்கும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "உனக்கு ஒண்ணும் ஆகலையேடா" என்றுதான் முதலில் கேட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என் தோளைத் தட்டி, "பாவம், கை பழகாதவன், நீ என்ன பண்ணுவே" என்றார்கள். கோமளம் மாமி அழுதுகொண்டே சொன்னாள். கடைசியில் நீங்களும் சொன்னீர்கள். அந்த மனிதர் செத்தும் என்னைக் கற்றுக்குட்டியாகவே உட்கார்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். உங்களுக்கு வேண்டியது ஒப்புதல் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்: சேஷகிரியைக் கொன்றது நான். தெரிந்து செய்தேன், சரியாகச் செய்தேன். என் வாழ்நாளில் யாரும் உளியைப் பிடுங்காமல் நான் குறையில்லாமல் முடித்த முதல் வேலை அது.

இரண்டாவதும் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்களே அந்தப் பலாக்கட்டை, அதைக் காரியங்கள் முடிந்ததும் நீள ஸ்க்ரூ போட்டு மறுபடி லேத்தில் ஏற்றினேன். கொட்டகையில் நான் மட்டும்தான். உள்ளைக் குடைந்து, அடிப்பாகத்தை நிதானமாக எடுத்தேன். கண்ணாடிப் பலகை மேல் வைத்துத் தட்டிப் பார்த்தேன், மயிரிழை ஆடவில்லை.

இன்று காலை இங்கே கிளம்பும் முன் அதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுக் குங்குமத்தை இனி இதில் வைத்துக்கொள் என்றேன். அவள் வெறும் நெற்றியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே பார்த்துக்கொண்டே, "இனிமே எனக்கு எதுக்குடா இது?" என்றாள். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்: அது ஆடுகிறது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.