டைனோசருக்குப் பின்னால் நின்ற அப்பா

துபாயில், கராமாவுக்குப் போகும் பேருந்து. எனக்கு முன்சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“நேத்து என் மக பயந்து போயி ‘அப்பா’ன்னு கத்துனா மாப்ள. நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன். எங்கிட்ட வரல.”

“எங்க வச்சு?”

“அந்த டைனோசர் பார்க்குலதான். நேத்துக் காலையிலதான் விசிட் விசால வந்து எறங்குன புள்ளைய ஒரு நாளாவது வெளிய கூட்டிப் போவோம்னு லீவு போட்டேன். அங்க லைட்டுல செஞ்சு வச்ச பூவெல்லாம் நல்லாத்தான் பாத்தா. ஒரு டைனோசர் வாயத் தொறந்து உறுமுச்சு பாரு…”

“அம்மாட்ட ஓடிருக்கும்.”

“ஓடுனா. அவ கைப்பையிலேருந்து போனப் புடுங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. அதப் பாத்துத்தான் ‘அப்பா அப்பா’ன்னு அழுவுறா. கைக்கொழந்தையா பாத்துட்டு வந்தவன்தான? மூணு வருசமா அவளுக்கு அப்பன் போனுக்குள்ளதான் இருக்கான்.”

மற்றவர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அப்புறம் எப்படி அழுகைய நிறுத்துன?”

“டைனோசருக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டு வீடியோ கால் போட்டேன். என் மூஞ்சியப் பாத்ததும் சிரிச்சிட்டா. ‘அப்பா, இங்க ஒரு மாமா காலையிலேருந்து எங்க கூடவே வர்றாரு. அவரப் போகச் சொல்லுப்பா’ங்கிறா.”

“நீ என்ன சொன்ன?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சொல்றேன்டா தங்கம்னு சொன்னேன்.”